கருகல் வாடை வந்தால் உடனே நிறுத்துங்கள்

வாசகர் கேள்விகளுக்கு ஈஸ்ட் ஹாம் மருந்தாளுநர் பதில்

லண்டன் ஈஸ்ட் ஹாமில் மருந்துக்கடை மேசைக்குப் பின்னால் நிற்க ஆரம்பித்து 19 வருடம் ஆகிறது. அதில் 11 வருடமாக, சிகரெட்டை விட வருகிறவர்களோடு உட்கார்ந்து பேசுகிற சின்ன அறையும் என் பொறுப்பு. இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வேப், அதாவது இ-சிகரெட் பற்றியவை. 2025 ஜூன் 1-ஆம் தேதியோடு பிரிட்டன் முழுக்க டிஸ்போசபிள் (தீர்ந்ததும் தூக்கி எறிகிற) வேப் விற்பனைக்குத் தடை வந்துவிட்டது. அதுவரை அட்டையைப் பிரித்து வாயில் வைத்தவர்கள், இப்போது லிக்விட் ஊற்றி, சார்ஜ் போட்டு, காயில் என்ற சூடாகிற சுருளை மாற்ற வேண்டியிருக்கிறது. கடையில் கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு எனக்கு எழுதுகிறார்கள். தாராளமாக எழுதுங்கள்.

கீழே உள்ள பதில்கள் சிகரெட் பிடிக்கிறவர்களுக்காக எழுதியவை. பிடிக்காதவர்கள் வேப்பைத் தொடவே வேண்டாம்.

கேள்வி: எனக்கு 54 வயது. 30 வருடமாக நாளைக்கு ஒரு பாக்கெட். வேப்புக்கு மாறலாம் என்று கடைக்குப் போனேன். அந்தப் பையன் பாட், மாட், சப்-ஓம், நிக் சால்ட் என்று அடுக்கிக்கொண்டே போனான். ஒன்றும் வாங்காமல் திரும்பிவிட்டேன். எனக்கு எதுதான் வேண்டும், தங்கச்சி? (ஹாரோ வாசகர்)

அண்ணா, எந்த வேப்பை எடுத்தாலும் உள்ளே இருப்பது நாலே சாமான். ஒரு பேட்டரி. லிக்விட் நிற்கிற சின்னத் தொட்டி. அதற்குள் பஞ்சு சுற்றிய கம்பிச் சுருள், இதைத்தான் காயில் என்கிறார்கள். அப்புறம், வாய் வைக்கிற முனை. நீங்கள் இழுக்கும்போது பேட்டரி அந்தச் சுருளைச் சூடாக்கும், பஞ்சில் ஊறியிருக்கிற லிக்விட் ஆவியாக வரும். புகையிலை எரிவதே இல்லை. எரிந்தால் வருகிற தாரும் கார்பன் மோனாக்சைடும் இதில் கிடையாது. அதனால்தான் சிகரெட்காரர்களை இதற்கு மாறச் சொல்கிறோம். இப்போது கடைகளில் இருக்கிற மாதிரிச் சாமானை 2003-இல் உருவாக்கியவர் ஹான் லிக் என்ற சீன மருந்தாளுநர். அவரும் சிகரெட் பிடித்தவர். அவருடைய அப்பா நுரையீரல் புற்றுநோயில் இறந்தவர். எங்கள் தொழில்காரர் என்பதால் அறைக்கு வருகிற எல்லோரிடமும் அவர் பெயரைச் சொல்லிவிடுவேன்.

உங்களுக்கு வேண்டியது, மறுபடி மறுபடி நிரப்புகிற சாதாரண பாட் கிட். பாட் என்பது லிக்விட் நிற்கிற அந்தச் சின்னத் தொட்டிதான். 15-லிருந்து 25 பவுண்டுக்குள் நல்லதாகவே கிடைக்கும். காயில் மேல் ஓம் (மின்தடையின் அளவு) கணக்கில் ஓர் எண் அச்சடித்திருக்கும், 0.8-லிருந்து 1.2-க்குள் பார்த்து வாங்குங்கள். அதுதான் சிகரெட் மாதிரி முதலில் வாயில் வாங்கி, அப்புறம் உள்ளே இழுக்கிற வகை. அந்தப் பையன் சொன்ன சப்-ஓம், மேகம் மேகமாக ஆவி விடுகிற பெரிய சாமான். அதில் நிகோடின் குறைந்த லிக்விட்டைத்தான் ஊற்ற வேண்டும். 20 மில்லிகிராம் லிக்விட்டை அதில் ஊற்றி இழுத்தால் தலை சுற்றி வாந்தி வரும்.

லிக்விட்டில் இருப்பவை புரோப்பிலீன் கிளைக்கால், வெஜிடபிள் கிளிசரின், வாசனை, நிகோடின். முதல் இரண்டும் பாதிக்குப் பாதி, அதாவது 50/50 என்று போட்ட பாட்டில்தான் இந்தச் சின்ன பாட்களுக்குச் சரி. கிளிசரின் கூடினால் லிக்விட் கெட்டியாகி, சின்னக் காயிலின் பஞ்சில் ஏறாது.

இனி, நிறையப் பேர் தவறுகிற இடத்துக்கு வருகிறேன். இங்கே சட்டப்படி ஒரு மில்லிக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் நிகோடின் இருக்கக் கூடாது. நாளைக்கு 20 சிகரெட் பிடிக்கிற உங்களுக்கு அந்த 18 அல்லது 20-தான் வேண்டும். 'கம்மியாக ஆரம்பிக்கிறேன்' என்று 3 மில்லிகிராம் வாங்கிப் போகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கொலைப்பசியோடு வந்தவருக்கு அரைக்கரண்டி சோறு வைத்து எழுப்பிவிட்டால் அவர் நேராக அடுத்த கடைக்குத்தான் போவார். மூன்றாம் நாள் இவர்கள் கையிலும் சிகரெட் இருக்கும். நிகோடின் அடிமைப்படுத்துகிற பொருள்தான், மறுக்கவில்லை. ஆனால் புற்றுநோயைத் தருவது புகை. அந்தப் புகை முழுக்க நிற்கிற வரை நிகோடினைக் கஞ்சத்தனமாக அளக்காதீர்கள். நிக் சால்ட் என்பது தொண்டையை அவ்வளவாக அறுக்காத நிகோடின் வகை. அதிக அளவில் ஆரம்பிக்கிறவர்களுக்கு அது சுலபம்.

ஒரு பாக்கெட் சிகரெட் 15 பவுண்டைத் தாண்டிவிட்ட காலத்தில் இது செலவு கம்மி. ஆனாலும் 2026 அக்டோபர் 1 முதல் 10 மில்லி பாட்டிலுக்கு 2.20 பவுண்டு புது வரி என்று அரசு அறிவித்திருப்பதை நினைவில் வையுங்கள். வாங்குவதற்கு முன் உங்கள் கவுன்சிலின் புகை நிறுத்தும் சேவையைக் கூப்பிட்டுப் பாருங்கள். சில இடங்களில் முதல் கிட்டை இலவசமாகவே தருகிறார்கள். ஆள் துணையும் கிடைக்கும். சாமானைவிட அது முக்கியம். லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகம் 886 பேரை வைத்து நடத்தி 2019-இல் வெளியிட்ட ஆய்வில், வேப் வாங்கியவர்களில் 18 சதவீதம் பேர் ஒரு வருடம் கழித்தும் சிகரெட் இல்லாமல் இருந்தார்கள். தோலில் ஒட்டுகிற நிகோடின் பேட்ச், மெல்லுகிற நிகோடின் கம் போன்றவை வாங்கியவர்களில் அது 9.9 சதவீதம். இரண்டு பக்கத்தாருக்கும் வாராவாரம் நேரில் ஆலோசனை கிடைத்தது.

கேள்வி: அக்கா, நீங்கள் சொல்கிற மாதிரி ஒரு கிட் வாங்கினேன். முதல் இழுப்பிலேயே பொசுங்கிய பஞ்சு வாடை, இருமல் தாங்கவில்லை. சட்டைப் பையில் வைத்தால் ஒழுகுகிறது. தூக்கி வீசிவிட்டு சிகரெட்டுக்கே திரும்பிவிட்டேன். (டூட்டிங் வாசகர்)

தம்பி, வீசியதைத் தேடி எடுங்கள். சாமான் கெட்டுப்போகவில்லை. போன மாதம் இதே புகாரோடு ஒருவர் வந்தார். அவருடைய காயிலைக் கழற்றி ஒரு வெள்ளைத் தாளில் வைத்து, ஊசியால் பஞ்சைக் கொஞ்சம் வெளியே இழுத்துக் காட்டினேன். ஓரமெல்லாம் வெள்ளையாக, உலர்ந்து கிடந்தது. நடுவில் கம்பி பட்ட இடம் மட்டும் தோசைக்கல்லில் ஒட்டிய மாவு மாதிரி கருகியிருந்தது. லிக்விட் ஊற ஊறத்தான் பஞ்சு எரியாமல் இருக்கும். அவர் ஊற்றிய கையோடு இழுத்திருக்கிறார்.

புதுக் காயில் போட்டால் லிக்விட்டை நிரப்பிவிட்டுப் பத்து நிமிடம் மேசையில் வைத்துவிடுங்கள். ஒரு டீ போட்டுக் குடிக்கிற நேரம். நிரப்பும்போது பாட்டிலின் மூக்கை ஓரத்து ரப்பர் மூடிக்குக் கீழே இருக்கிற துளையில் வைத்து மெல்ல அழுத்துங்கள். சில டேங்குகளில் நடுவில் ஒரு குழாய் போகும். அது காற்று வருகிற வழி. அதில் லிக்விட்டை ஊற்றினால் நேராக வாய்க்கும் சட்டைக்கும்தான் வரும். கோட்டுக்கு மேலே நிரப்பாதீர்கள், ரப்பர் மூடி முழுக்க உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஒழுகலில் பெரும்பாலும் இந்த இரண்டும்தான் காரணம். நிறையச் சாமான்களில் பட்டனை ஐந்து முறை படபடவென்று அழுத்தினால் அணையும், மறுபடி ஐந்து முறை அழுத்தினால் ஆன் ஆகும். பையில் போடுவதற்கு முன் அணைத்துவிடுங்கள்.

அடுத்தது இழுக்கிற விதம். சிகரெட்டை 'சுர்'ரென்று இழுத்துப் பழகிவிட்டோம். இங்கே மெதுவாக, மூன்று நான்கு நொடிக்கு ஒரே இழுப்பு. வாயில் வாங்குங்கள், அப்புறம் உள்ளே. ஓர் இழுப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி விடுங்கள், பஞ்சு மறுபடி நனையட்டும். நிகோடின் சிகரெட்டில் ஏறுகிற வேகத்தில் இதில் ஏறாது. ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை வாசலில் நின்று ஐந்து நிமிடம் பிடித்த பழக்கத்தை விட்டு, வேண்டும்போதெல்லாம் இரண்டு மூன்று இழுப்பு என்று மாற்றிக்கொள்ள வேண்டும். முதல் ஒன்றிரண்டு வாரம் இருமல் இருக்கும், வாய் வறளும், தண்ணீர் குடியுங்கள்.

நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற காயிலிலேயே ஒருநாள் கருகல் வாடை வரும். வந்தால் இழுப்பை அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். 'இந்தப் பாட்டில் முடியட்டும்' என்று இழுக்காதீர்கள். பஞ்சு உலர்ந்து காயில் அளவுக்கு மேல் சூடானால் ஃபார்மால்டிஹைட் போன்ற நச்சுகள் வரும். காயில் சாதாரணமாக ஒன்றிலிருந்து இரண்டு வாரம் தாங்கும். மாம்பழம், கேக் என்று இனிப்பான லிக்விட் ஊற்றினால் சீக்கிரமே கரி பிடித்துவிடும். உபரிக் காயில் இரண்டு எப்போதும் வீட்டில் இருக்கட்டும். ஞாயிறு இரவு பத்து மணிக்குக் காயில் போய்விட்டால் பக்கத்தில் திறந்திருக்கிற கடையில் சிகரெட்தான் இருக்கும்.

கேள்வி: என் கணவர் இரவு முழுக்க கட்டில் பக்கத்தில் வேப்பை சார்ஜில் போடுகிறார். லிக்விட் பாட்டில் சோஃபா மேலே கிடக்கிறது. வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை. நான் பயப்படுவது சரியா? (வெம்பிளி வாசகி)

மிகவும் சரி. இந்தப் பக்கத்தை அவரைப் படிக்க வையுங்கள்.

உள்ளே இருப்பது லித்தியம் பேட்டரி. வீட்டார் விழித்திருக்கும்போது மட்டும், கட்டிலுக்கும் சோஃபாவுக்கும் எட்டத்தில், கெட்டியான தரையிலோ மேசையிலோ வைத்து, அதனுடன் வந்த ஒயரில் சார்ஜ் செய்ய வேண்டும். நிரம்பியதும் எடுத்துவிட வேண்டும். உப்பினாலும், தொட முடியாமல் சுட்டாலும், தண்ணீரில் விழுந்தாலும் அதோடு அதன் ஆயுசு முடிந்தது. பேட்டரியைத் தனியாகக் கழற்றுகிற வகை என்றால், சாவியும் சில்லறையும் இருக்கிற பையில் அதைப் போடவே கூடாது. உலோகம் பட்டு ஷார்ட் ஆகி, தொடையில் தீக்காயத்தோடு வந்தவரைப் பார்த்திருக்கிறேன். மேலுறை கிழிந்த பேட்டரியும் வேண்டாம்.

குழந்தை விஷயத்தில் இன்னும் கண்டிப்பாக இருங்கள். நிகோடின் விஷம். அந்த லிக்விட்டில் ஸ்ட்ராபெரி வாசனை வேறு. சட்டப்படி பாட்டில் 10 மில்லிக்கு மேல் இருக்கக் கூடாது, குழந்தை திறக்க முடியாத மூடி வேண்டும் என்பதெல்லாம் இதற்காகத்தான். ஆனால் பாதி திருகிய மூடியைக் குழந்தை திறந்துவிடும். பூச்சிமருந்தை எங்கே வைப்பீர்களோ, அங்கே பூட்டி வையுங்கள். தோலில் பட்டால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். குழந்தை வாயில் விட்டுவிட்டது என்று சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காமல், பாட்டிலோடு உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். சோர்ந்து போனாலோ வலிப்பு வந்தாலோ அவசர உதவிக்கு 999-ஐக் கூப்பிடுங்கள்.

வீட்டில் பெரியவர்கள் யாராவது ஆக்சிஜன் மெஷினில் இருந்தால், அந்த அறையில் வேப் பிடிப்பதும் கூடாது, சார்ஜ் போடுவதும் கூடாது.

கேள்வி: தங்கை கல்யாணத்துக்கு மூன்று வாரம் சென்னை போகிறேன், வழியில் சிங்கப்பூரில் ஒரு நாள். வேப்பை எடுத்துப் போகலாமா? (குரொய்டன் வாசகர்)

வேண்டாம் தம்பி. இந்தியாவில் 2019-ஆம் வருடச் சட்டப்படி இ-சிகரெட்டைத் தயாரிப்பது, இறக்குமதி செய்வது, விற்பது, விளம்பரம் செய்வது எல்லாமே குற்றம். முதல் தடவைக்கே ஒரு வருடம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 'என் சொந்த உபயோகத்துக்கு' என்று ஏர்போர்ட்டில் வாதாடிக்கொண்டிருந்தால் முகூர்த்தம் போய்விடும். சிங்கப்பூரில் 2018 பிப்ரவரியிலிருந்து கையில் வைத்திருப்பதே குற்றம், அண்மையில் இன்னும் இறுக்கியிருக்கிறார்கள்.

அதற்காகக் கல்யாண வீட்டில் மாமாவோடு மொட்டைமாடியில் சிகரெட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே பேட்ச் ஒட்டிப் பழகுங்கள். ஆசை திடீரென்று தூக்கும்போது நிகோடின் கம். அதைச் சூயிங்கம் மாதிரி மென்றுகொண்டே இருந்தால் விக்கல்தான் வரும். காரம் தெரிகிற வரை நாலு கடி, அப்புறம் வெற்றிலைபாக்கை அடக்குகிற மாதிரி கன்னத்தில் ஒதுக்கி வையுங்கள். காரம் போனதும் மறுபடி நாலு கடி.

வேப்புக்கு அனுமதி உள்ள நாட்டுக்குப் போகிறவர்களுக்கு: கைப்பையில்தான் வைக்க வேண்டும், பெட்டியில் போட்டு ஏற்றக் கூடாது. விமானத்தில் சார்ஜ் போடவும் கூடாது.

கேள்வி: பத்தாவது படிக்கும் மகனின் பையில் நீல நிறத்தில் ஒரு வேப் இருந்தது. கை நடுங்கிவிட்டது. என்ன செய்வது? (ரெட்பிரிட்ஜ் தாய்)

அம்மா, முதலில் அவனை உட்கார வைத்துக் கேளுங்கள். யாருடையது, எங்கே வாங்கினான், ஒரு நாளைக்கு எவ்வளவு. அடித்துக் கேட்டால் வேறு இடத்தில் ஒளித்து வைப்பான். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு நிகோடின் வேப் விற்பது இங்கே குற்றம். ஆக, அவனுக்கு விற்றவர் சட்டத்தை மதிக்காதவர். அப்படிப்பட்டவர் உள்ளே என்ன ஊற்றியிருக்கிறார் என்பது யாருக்கும் தெரியாது. பாத் பல்கலைக்கழகம் 2024-இல் இங்கிலாந்தின் 38 பள்ளிகளில் மாணவர்களிடம் பறிமுதல் செய்யப்பட்ட வேப்களைச் சோதித்தபோது, ஆறில் ஒன்றில் 'ஸ்பைஸ்' என்ற செயற்கைப் போதைப்பொருள் இருந்தது. இதை அவனிடம் அப்படியே சொல்லுங்கள். பிள்ளைகள் நாம் பயப்படுகிற அளவுக்கு முட்டாள்கள் இல்லை.

காலையில் எழுந்ததும் தேடுகிறான், கிடைக்காவிட்டால் எரிந்து விழுகிறான் என்றால் அடிமையாகியிருக்கிறான். டாக்டரிடமோ பள்ளி நர்ஸிடமோ கூட்டிப் போங்கள். 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு நிகோடின் பேட்ச் கொடுத்து உதவ முடியும். குடும்ப மானம் போய்விடும் என்று மூடி வைக்காதீர்கள்.

கேள்வி: வேப் பிடித்தால் 'பாப்கார்ன் நுரையீரல்' வருமாம், அமெரிக்காவில் கொத்துக்கொத்தாகச் செத்தார்களாம். வாட்ஸ்அப்பில் வந்தது. பேசாமல் சிகரெட்டே பிடித்துவிடலாம் போலிருக்கிறது. (லெஸ்டர் வாசகர்)

இந்தக் கடைசி வரிக்காகத்தான் இந்தப் பதிலை எழுதுகிறேன்.

பாப்கார்ன் நுரையீரல் என்ற பெயர், 2000-ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்துப் பாப்கார்ன் ஆலைத் தொழிலாளர்களுக்கு வந்த நோயிலிருந்து வந்தது. வெண்ணெய் வாசனைக்காகப் போட்ட டைஅசிட்டைல் என்ற பொருளை அவர்கள் சுவாசித்திருந்தார்கள். பிரிட்டனில் வேப் லிக்விட்டில் அதைச் சேர்க்கத் தடை இருக்கிறது. அமெரிக்காவில் 2019-இல் நடந்தது உண்மை. 2020 பிப்ரவரிக்குள் 2,807 பேர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள், 68 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் தெருவில் வாங்கிய கஞ்சா எண்ணெய் வேப்கள், அதில் கலந்திருந்த வைட்டமின் ஈ அசிடேட்தான் முக்கியக் காரணம். அதனால்தான் பெயர் தெரியாத இடத்தில் வாங்காதீர்கள், கண்டதையும் டேங்கில் ஊற்றாதீர்கள், லிக்விட்டை வீட்டில் கலக்காதீர்கள் என்று தொண்டை வறளச் சொல்கிறேன்.

வேப் தீங்கே இல்லாதது என்று ஒருநாளும் சொல்ல மாட்டேன். பரவலாகிப் பதினைந்து இருபது வருடம்தான் ஆகிறது, நாற்பது வருடம் பிடித்தவர் இன்னும் உலகத்தில் இல்லை. ஆனால் சிகரெட்டை நாற்பது வருடம் பிடித்தவர்களை எனக்குத் தெரியும். மதுரையில் என் அப்பா அப்படித்தான். கடைசி இரண்டு வருடம் அவரால் படுக்க முடியவில்லை. ஈஸிசேரில் சாய்ந்து, இரண்டு கையையும் முட்டியில் ஊன்றிக்கொண்டு, விடிய விடிய மூச்சை இழுத்துக்கொண்டிருப்பார். அம்மா பனையோலை விசிறியால் விசிறிக்கொண்டே இருப்பாள். ஃபேன் ஓடும், ஆனாலும் விசிறுவாள். 'சிகரெட்டே பிடித்துவிடலாம்' என்று யாராவது எழுதினால் எனக்கு அந்த விசிறிச் சத்தம்தான் கேட்கிறது. தயவுசெய்து அதற்குத் திரும்பாதீர்கள்.

கேள்வி: நாளைக்கு நாலு சிகரெட், மீதிக்கு வேப். இது பரவாயில்லையா? வேறு மாத்திரைகளும் சாப்பிடுகிறேன். (இல்ஃபோர்ட் வாசகர்)

நாலையும் விட வேண்டும். இதயத்துக்கு நாலு சிகரெட்டும் நிறைய. என் அறையில் ஊதிப் பார்க்கிற ஒரு மீட்டர் இருக்கிறது, மூச்சில் எவ்வளவு கார்பன் மோனாக்சைடு என்று காட்டும். ஒரு பெரியவர் முதல் நாள் ஊதினார், 26. முழுக்க வேப்புக்கு மாறி அடுத்த வாரம் வந்து ஊதினார், 3. அந்த எண்ணை போனில் படம் பிடித்துப் பேத்திக்கு அனுப்பினார். நீங்களும் வந்து ஊதுங்கள், காசு கிடையாது.

மாத்திரை பற்றிக் கேட்டது நல்லதாகப் போயிற்று. சிகரெட் புகை, கல்லீரலில் சில மருந்துகளை வேகமாகக் கரைத்துவிடும். புகை நின்றதும் அதே அளவு மாத்திரை உடம்பில் கூடுதலாகத் தேங்கும். க்ளோசபின், ஓலன்சபின், தியோஃபிலின், வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் சிகரெட்டை நிறுத்துவதற்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். இன்சுலின் போடுகிறவர்கள் சர்க்கரையை அடிக்கடி பாருங்கள். காப்பிக்கும் இதே கதைதான். விட்ட வாரத்தில் படபடப்பும் தூக்கமின்மையும் வந்தால் காப்பியைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள்.

கேள்வி: சிகரெட்டை விட்டு எட்டு மாதம். இப்போது வேப்பை எப்படி விடுவது? (பர்மிங்காம் வாசகி)

எட்டு மாதம்! வாழ்த்துகள் அம்மா. அவசரப்பட வேண்டாம். முன்பு சொன்ன குயின் மேரி ஆய்விலேயே, வேப் வழியாகச் சிகரெட்டை விட்டவர்களில் 80 சதவீதம் பேர் ஒரு வருடம் கழித்தும் வேப் பிடித்துக்கொண்டுதான் இருந்தார்கள். லிக்விட்டின் நிகோடின் அளவில் 20 மில்லிகிராமிலிருந்து 10-க்கு வாருங்கள். சிகரெட் நினைப்பு வராமல் ஒரு மாதம் போனால் 5 அல்லது 6, அப்புறம் 3, அப்புறம் நிகோடினே இல்லாதது. எந்தப் படியில் சிகரெட் ஆசை தலை தூக்குகிறதோ, ஒரு படி பின்னால் போய் நின்றுகொள்ளுங்கள். கூடவே இடத்தையும் குறையுங்கள்: முதலில் காரில் கிடையாது, அடுத்து படுக்கையறையில் கிடையாது.

கேள்வி: மேஜை டிராயர் நிறையப் பழைய டிஸ்போசபிள் கிடக்கிறது. குப்பையில் போடலாமா? (ஈஸ்ட் ஹாம் வாசகர்)

போடாதீர்கள். குப்பை லாரியில் நசுங்கினால் பேட்டரி தீப்பிடிக்கும். வேப் விற்கிற கடைக்காரர் பழையதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும், அது சட்டம். கவுன்சில் மறுசுழற்சி மையத்திலும் கொடுக்கலாம். அது வரைக்கும் வெயில் படாத இடத்தில் வையுங்கள்.